ஆடிக்காற்றும் அண்டார்டிக்காவும்



ஆனி, ஆடி மாதங்களில் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வீசும் மேல்காற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. புழுதி கண்ணை மறைக்கிறது, கொடியில் போட்ட துணி சிறிது நேரத்தில் உலர்ந்து விடுகிறது, உதடு வெடிக்கிறது. ஆனால் மழை மட்டும் இல்லை. அதே நாளில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கடலிலிருந்து ஈரத்தோடு புறப்பட்ட அதே காற்று நம்மிடம் வரும்போது வறண்டு, சுடுவது ஏன்?

இக்கேள்விக்கு விடை கண்டால், உலகின் தென்கோடியிலுள்ள மற்றொரு புதிரும் விடுபடும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், பனி மூடிய அண்டார்டிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் எஸ்பெரான்சா நிலையத்தில் வெப்பம் 18.3 டிகிரி செல்சியஸ் ஆக உயர்ந்தது. அக்கண்டத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பமாக இதனை உலக வானிலை அமைப்பு 2021இல் உறுதி செய்தது. பனிக்கரைக்கு இந்த வெப்பம் எங்கிருந்து வந்தது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்று நெருக்கப்பட்டால் சூடாகும், விரிந்தால் குளிரும். மலை மீது ஏறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறையும். ஆனால் மேகம் உண்டாகத் தொடங்கியதும், நீராவி நீராக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே அதன்பின் 1000 மீட்டருக்குச் சுமார் 5 டிகிரிதான் குறைகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மலையின் மேற்கு அடிவாரத்தில் காற்று 28 டிகிரி என்று கொள்வோம். முதல் 500 மீட்டர் ஏறுகையில் 5 டிகிரி குறைகிறது. மேகம் சூழ்ந்த அடுத்த 1000 மீட்டரில் மேலும் 5 டிகிரி குறைகிறது. உச்சியில் 18 டிகிரி. மழையை அங்கேயே பெய்துவிட்ட காற்று, இப்போது நம் பக்கம் இறங்குகிறது. ஈரம் இழந்த காற்று இறங்கும்போது 1000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் 15 டிகிரி ஏறுகிறது. அடிவாரம் சேரும்போது 33 டிகிரி! அதன்பின் கரிசல் மண்ணின் சூடும் அதனோடு சேர்ந்து கொள்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் இத்தகைய காற்றுக்கு ‘ஃபான்’ என்று பெயர். வட அமெரிக்காவின் ராக்கி மலையில் ‘சின்னூக்’ என்பர். பனியை விரைவில் கரைத்து விடுவதால் ‘பனி தின்னி’ என்றும் சொல்வதுண்டு.

இனி அண்டார்டிக்காவுக்குச் செல்வோம். நாம் மார்கழிப் பனியில் நடுங்கும்போது அங்கே கோடை. சூரியன் மறையாத நாட்கள் உண்டு. எனினும் வெண்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி விடுவதால், வெயில் மட்டும் அத்தனை வெப்பத்தைத் தருவதில்லை. அண்டார்டிக்காவிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தின் முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர் உள்ளது. அங்கும் மேல்காற்றுதான் வீசுகிறது. மேற்குப் பக்கம் பனி பொழிந்துவிட்டு, கிழக்குப் பக்கம் சூடாகவும் வறண்டும் இறங்குகிறது. சில வேளைகளில் தாழ்வான குளிர்காற்று மலையால் தடுக்கப்பட, மேலேயுள்ள காற்று மட்டும் இறங்கிச் சூடாவதும் உண்டு. அப்போது மேகமும் கலைந்து, வெயிலும் நேரே விழுகிறது.

கிழக்குக் கரையில் கடல்மேல் மிதந்து நிற்கும் பெரும் பனித்தட்டுகள் இருக்கின்றன. சூடான காற்று பட்டதும் மேற்பரப்பு உருகிக் குட்டைகள் உண்டாகின்றன. அந்நீர் வெடிப்புகளில் இறங்கி, ஆப்பு வைத்தது போல் பனியைப் பிளக்கிறது. 2002இல் ‘லார்சன் பி’ என்னும் பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரே மாதத்தில் நொறுங்கிப் போயிற்று. இது நம் விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு!

மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்வதில்லை என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் பனித்தட்டு, மலையிலுள்ள பனியாறுகளை அணைபோல் தடுத்து நிற்கிறது. அணை போனதும் லார்சன் பி பகுதியின் பனியாறுகள் விரைந்து கடலுக்குள் இறங்கின. அதனால் கடல் உயரத்தான் செய்யும்.

இந்தக் காற்று இயற்கையானது, என்றும் வீசியதுதான். ஆனால் நாம் எரிக்கும் கரியும் எண்ணெயும் பூமியைச் சூடாக்கியுள்ளன. அத்தீபகற்பம் 50 ஆண்டுகளில் ஏறத்தாழ 3 டிகிரி வெப்பம் கூடியது. முன்பே சூடேறிய இடத்தில் வீசும் காற்று பனியை இன்னும் எளிதாக உருக்குகிறது.

1983இல் புறப்பட்ட இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிக்கப் பயணத்தில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் சென்றனர். அங்கு கால்பதித்த முதல் இந்தியப் பெண்கள் அவர்களே. அவர்கள் வழியில் நம்மில் ஒருத்தி நாளை செல்லக்கூடாதா? திருச்சுழியைக் கடந்து ஓடும் குண்டாறு மூக்கையூர் அருகே கடலில் கலக்கிறது. அக்கடலும் தென் துருவக் கடலும் ஒரே நீர்தான். அடுத்த ஆடியில் புழுதிக்காற்று முகத்தில் அடிக்கும்போது, தோழியரே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.