அண்டாவில் வடித்த எலுமிச்சைப்புல்

"இன்னா சார், வீட்லயே காய்ச்ச ஆரம்பிச்சிட்டீங்களா?" பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார். கொல்லையில் அடுப்பு, அதன்மேல் மாவுப் பசையால் மூடி ஒட்டிய அண்டா, அதிலிருந்து வளைந்து போகும் செம்புக் குழாய். அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. உள்ளே இருந்தது எலுமிச்சைப்புல்.

காட்டுப்பாக்கத்தில் எங்களுக்கு 12 சென்ட் தோட்டம். (கால்நடை ஆராய்ச்சி நிலையம் உள்ள காட்டுப்பாக்கம் வேறு, அது பொத்தேரி பக்கம். இது பூந்தமல்லி பக்கம்.) மூடாக்குக்காக நட்ட புல் மண்டிவிட்டது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு எண்ணெய் வடிக்கும் ஆலை வைக்கலாமா என்று ஆசை வந்தது. முதலில் அண்டாவில் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

வடிப்பது நமக்குப் புதுசு இல்லை. சித்த மருத்துவத்தின் 32 அக மருந்துகளில் தீநீரும் ஒன்று. சரக்கை நீரோடு வாலையில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்து இறக்குவார்கள். நம் வீட்டு ஓமத் தீநீர் அந்த வகைதான்.

எலுமிச்சைப்புல் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரால். அது தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 229 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் புல் கருகிவிடும். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத ஜோடி. கலக்காததால் இரண்டும் தனித்தனியே ஆவி அழுத்தம் தருகின்றன. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டதும் கொதி வந்துவிடும். கூட்டுக் கணக்கு மாதிரிதான்: பெரும்பங்கைத் தண்ணீர் போட்டுவிடுகிறது, எண்ணெய் சிறு பங்கு போட்டால் போதும். அதனால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எண்ணெயும் ஆவியாகி வந்துவிடுகிறது. சாராயம் அப்படியில்லை. அது தண்ணீரோடு முழுக்கக் கலந்தது. 78க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

100 கிலோ பச்சைப் புல்லுக்கு 300 முதல் 500 கிராம் எண்ணெய் என்பது பொதுக் கணக்கு. நான் 10 கிலோ நறுக்கி, ஒரு ராத்திரி நிழலில் வாடவிட்டு, தண்ணீருக்கு மேலே சல்லடைத் தட்டில் அடுக்கினேன். 30 கிராமாவது வரணும். வந்தது ஒரு தேக்கரண்டி! தெருவெல்லாம் மணம். அதாவது எண்ணெய் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

தப்பு குளிர்விப்பதில். குழாய்ச் சுருள் இருந்த வாளிக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மேலிருந்து விட்டேன். மே மாதத்தில் அது வெந்நீர். அடுத்த முறை கிணற்றுத் தண்ணீரை வாளியின் அடியில் விட்டு, சூடானது மேலே வழியும்படி செய்தேன். வடிநீர் கைக்குச் சில்லென்று விழுந்தது. மேலே மிதந்த எண்ணெயை நிறுத்தால் 35 கிராம்.

சந்தோஷம்தான். ஆனால் அதற்கு எரித்த விறகு 12 கிலோ, நேரம் இரண்டரை மணி. வங்கியில் கடன் மனுக்களோடு வந்த திட்ட அறிக்கைகளில் ஏக்கருக்கு இத்தனை கிலோ எண்ணெய், கிலோ இத்தனை ரூபாய் என்று அழகாக இருக்கும். விறகும் தண்ணீரும் எங்கோ ஒரு வரியில் அடங்கிவிடும். நானும் அதைத் துருவிக் கேட்டதில்லை.

பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து பேர் ஏக்கர் கணக்கில் புல் போட்டு, ஒரே வாலையைப் பகிர்ந்து, வடித்த சக்கையையே காயவைத்து எரித்தால் கணக்கு மாறும். அப்படி யோசிப்பவர்கள் கேரளத்தில் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தையும் அவர்களுடைய 'சுகந்தி' ரகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 12 சென்ட்காரனுக்கு ஆலை வேண்டாம். என் வைப்புத்தொகையை உடைக்கவில்லை.

புல்லை மறுபடி மூடாக்குக்கே அறுக்கிறேன். மிஞ்சிய வாசனை நீரில் ஒரு பாட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். வீடு துடைக்கிற தண்ணீரில் ஊற்றிக்கொள்கிறாராம்.