வாக்குச் சீட்டும் வீட்டு உறுதியும்

1989ஆம் ஆண்டிலே பெர்லின் மதில் வீழ்ந்தது. 1991இல் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. கிழக்கு ஐரோப்பிய மக்களுக்குப் பேசவும் விரும்பிய நாட்டுக்குச் செல்லவும் உரிமை கிடைத்தது. கூடவே ஆலைகள் பல மூடப்பட்டன, விலைகள் ஏறின, முதியோரின் ஓய்வூதியம் தேய்ந்தது. சுதந்திரம் பெரிதா, சோறு பெரிதா என்னும் வினா அங்கே எழுந்தது. பதுளையில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இது அயலார் வினாவன்று. லயங்களிலிருந்து வரும் என் மாணவர்க்கும் அப்படியே.

நம் நாட்டிலே பொதுவுடைமை ஆட்சி நடந்ததில்லை. ஆயினும் 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசிலே சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் பங்குகொண்டனர். அவ்வாட்சியில், 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுப் பஞ்சம் வந்தபோது, தோட்டங்களிலே பட்டினியால் மாண்டவர் பலர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையையும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையையும் இழந்திருந்த மக்கள் அவர்கள். சோறும் இல்லை, சோறு கேட்க வாக்கும் இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமாரின் கம்பனி போயிற்று, லயம் போகவில்லை.

பின்னர் காலம் மாறிற்று. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோரைக் குடிமக்களாக்கின. இடையே 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஐரோப்பாவிற் போலவே இங்கும் உரிமையும் சந்தையும் அடுத்தடுத்து வந்தன. எனினும், 1000 ரூபா நாட்சம்பளம் என்னும் கோரிக்கை பல்லாண்டு இழுபட்டு, 2021இலே தான் நிறைவேறியது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியை விழுங்கிற்று.

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிலே, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்துண்டு என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. அங்கு வாழ்ந்தோர் வாக்குரிமை பெற்ற குடிமக்கள். எங்கும் செல்லச் சட்டம் தடைசெய்யவில்லை. ஆனால் எங்கே செல்வது? குடியிருந்த காம்பராவும் அவர்களுடையதன்று. கட்டிக்கொள்ள வேறு காணியும் இல்லை. போகும் உரிமை இருந்தது. போய்ச் சேர இடம் இருக்கவில்லை.

சுதந்திரம் வயிற்றை நிரப்பாது என்போர் 1974ஐ எண்ணிப் பார்க்கட்டும். வாக்கற்றவன் பசி ஆட்சியாளரின் செவிக்கு எட்டுவதில்லை. வாக்கு ஒன்றே போதும் என்போர் மீரியபெத்தையை எண்ணட்டும். இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்றைத் தெரிந்துகொள் என்று ஏழையிடம் சொல்வதே அநீதி. வாக்குரிமை வந்துவிட்டது. அதனைக் கொண்டு இனிக் கேட்க வேண்டியது, தன் பெயரில் ஒரு துண்டுக் காணியும் அதற்கோர் உறுதியும். அவை கிடைக்கும் நாளிலேதான், வேலை வேண்டாமென்றோ கூலி போதாதென்றோ சொல்லும் தொழிலாளி, தலைக்கு மேலுள்ள கூரை பறிபோகுமோ என்று அஞ்சாதிருப்பான்.