இணையத்தில் தேடுவோர் தேர்ந்துகொள்ள வேண்டிய சொற்கள்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே தேயிலையையும் இறப்பரையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றில் இன்று கைத்தொலைபேசி உண்டு. செடியில் நோயைக் கண்டவுடன் கங்காணியாரை வினவுமுன்னரே அக்கருவியை வினவும் வழக்கம் இளைஞரிடையே பரவிவருகின்றது. வழக்கம் நன்றே. ஆயினும் வினவுஞ் சொல் பிழைத்தால் விடையும் பிழைக்கும். பிழையான விடையின்படி மருந்து தெளித்தால் கேடு செடிக்கு மட்டுமன்று, தெளிப்பவருக்கும் ஆகும்.

தேடற்பொறி எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நூலொன்றின் இறுதியிலுள்ள பொருளடைவைப் போன்று, இணையப் பக்கங்களிலுள்ள சொற்களை அது முன்னரே தொகுத்து வைத்துள்ளது. நாம் இடுஞ் சொல்லோடு பெரிதும் ஒத்த பக்கங்களையே முன்னே நிறுத்தும். பக்கத்தின் தலையில் இயந்திரம் தானே எழுதித் தரும் விடையும் பெரும்பாலும் அப்பக்கங்களிலிருந்து திரட்டப்படுவதே. ஆதலால் "தேயிலை நோய்" என்று மாத்திரம் இடுபவருக்கு எண்ணிறந்த பக்கங்கள் கிடைக்குமேயன்றி, வேண்டிய பக்கம் கிடைப்பது அரிது. கண்ட அறிகுறியையும், அது தோன்றிய உறுப்பையும் சேர்த்து இடுதல் வேண்டும்.

கிளைதுளை வண்டை உதாரணமாகக் கொள்வோம். ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள இவ்வண்டு கிளையைத் துளைத்து, உள்ளே ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, அதனையே தன் புழுக்களுக்கு உணவாக்கும். துளையுண்ட கிளை காற்றிலும் கொழுந்து பறிப்போர் கைபட்டும் முறியும். ஐக்கோவ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1868இல் இதற்கிட்ட பெயர் சைலெபோரஸ் ஃபோர்னிகேட்டஸ் என்பது. பின்னர் முற்பெயர் யூவலேசியா என மாறிற்று. ஒரே தோற்றமுள்ள பல இனங்கள் இப்பெயரின்கீழ்க் கலந்திருந்தன என்பது பிற்காலத்தே தெளிவாகி, 2019இல் பெயர்கள் மீண்டும் வகுக்கப்பட்டன. இன்று ஃபோர்னிகேட்டஸ் என்பது கலிபோர்னியாவிலும் தென்னாபிரிக்காவிலும் நிழல்மரங்களையும் பழமரங்களையும் தாக்கும் இனத்தைக் குறிக்கும். தேயிலை வண்டுகள் பெர்ப்ரெவிஸ், ஃபோர்னிகேஷியர் எனப்படுகின்றன. பழைய பெயரை மாத்திரம் இட்டுத் தேடுபவர், மரத்தை அடியோடு வெட்டிச் சிறு துண்டுகளாக்கி அழிக்கும்படி கூறும் அயல்நாட்டு அறிவுரையைக் காண நேரிடும். கவ்வாத்துக் காலத்தோடு இணைத்துக் கட்டுப்படுத்த வேண்டிய பீடைக்கு அவ்வறிவுரை பொருந்தாது. ஆகவே பூச்சியின் பெயருடன் "தேயிலை" என்பதையும் "இலங்கை" என்பதையும் சேர்த்தல் அவசியம். அதே வேளை, 2019க்கு முற்பட்ட நல்ல ஆய்வுகள் யாவும் பழைய பெயரிலேயே உள. அதனை முற்றாகக் கைவிடுதலுங் கூடாது. நாட்டின் பெயரும் 1972இலே மாறியதாகலின், பழைய கட்டுரைகளை நாடுவோர் "சிலோன்" என்றும் ஆங்கிலத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்.

இறப்பரின் வெண்வேர் நோய்க்கும் இஃதே கதை. ஃபோம்ஸ் லிக்னோசஸ் என்று முன்னர் வழங்கிய பூஞ்சணம் இன்று ரிகிடோபோரஸ் மைக்ரோபோரஸ் ஆகும்.

தமிழ்ச் சொற்களிலும் வேறுபாடு உண்டு. "ரப்பர்" என இட்டால் தமிழ்நாட்டுப் பக்கங்களும், "இறப்பர்" என இட்டால் இலங்கைப் பக்கங்களும் முந்திவருதல் இயல்பு. "பூச்சிக்கொல்லி", "பீடைகொல்லி" என்பனவும் அவ்வாறே. "பசளை" என்பதைத் தனியே இட்டவர் கீரைச் சமையற் குறிப்புகளைக் கண்டு நகைக்கவும் நேரும். "இரசாயனப் பசளை" என்றால் அத்தொல்லை குறையும்.

இவ்வேறுபாடு சிறிதெனக் கருதலாகாது. பரக்குவாட் என்னும் களைகொல்லி 2008 தொடங்கி 2011 வரையில் இலங்கையிற் படிப்படியாக நீக்கப்பட்டது. இந்தியாவில் எழுதப்பட்ட பக்கங்களில் அதன் பெயரையும் அளவையும் இன்றுங் காணலாம். அருந்தினால் உயிர்போக்கும் நஞ்சு அது, முறிமருந்து இல்லை. இலங்கைப் பக்கமாயினும் எழுதிய ஆண்டை நோக்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிற் பெரும்பாலும் விலக்கப்பட்டது. அவ்விடைக்காலத்து எழுத்துக்கள் இன்றும் இணையத்திற் கிடக்கின்றன.

தேடலைச் சுருக்கும் குறிகள் மூன்று நினைவிற்கொள்ளத் தக்கன. இரட்டை மேற்கோட் குறிக்குள் இட்ட சொற்றொடர் பிரியாது தேடப்படும். வேண்டாத சொல்லின் முன்னர் ஒட்டி இட்ட கழித்தற்குறி அச்சொல்லுள்ள பக்கங்களை விலக்கும். ஆங்கிலத்தில் "சைட்" என எழுதி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளியின்றித் தளமுகவரியைச் சேர்த்தால் அத்தளத்தினுள் மாத்திரமே தேடல் நிகழும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தினதும் அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்தினதும் தளங்களை இவ்வாறு துழாவலாம்.

ஒரு தடை மாத்திரம் எஞ்சும். இலங்கையில் முன்னர் பாமினி முதலிய எழுத்துருக்களில் அச்சாக்கிய தமிழ்ப் பிரசுரங்கள் தேடற்பொறியின் கண்ணுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். தமிழில் தேடிக் கிடைக்காத பிரசுரம் இல்லாத பிரசுரம் என்று முடிவுகட்டாது, அதன் தலைப்பை ஆங்கிலத்தில் இட்டுப் பார்த்தல் நன்று. அதுவும் பயன்படாவிடின், நோயுற்ற கிளையோடு இரத்தினபுரியிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையத்துக்குச் செல்லலாம். வீட்டுத்தோட்டக் காய்கறிப் பயிரெனின் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.