மாலை நேர வாசிப்பும் நமது சங்கங்களும்

கையொப்பமிடத் தெரிந்தவரையெல்லாம் எழுத்தறிந்தவர் கணக்கில் சேர்த்துவிடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. சங்கங்களின் பதிவேடுகளைப் பார்வையிடச் செல்லும் எம்மைப் போன்றோர் இதன் மறுபுறத்தையும் காண்கிறோம். கடன் பத்திரத்தில் தம் பெயரை அழகாக எழுதும் அங்கத்தினர், அதற்கு மேலே அச்சிட்டிருக்கும் வட்டி விகிதத்தையும் தவணைத் தேதியையும் எழுத்தரைக் கேட்டே தெரிந்துகொள்கிறார். பொதுக்குழு அறிவிப்பு வீட்டுக்கு வந்து சேருகிறது, ஆனால் படிக்கப்படுவதில்லை. ஆட்சியுரிமை அங்கத்தினருக்கே என்று துணைவிதி கூறினும், படித்தறிய இயலாதவருக்கு அவ்வுரிமை பாதி உரிமையே. இன்று மூன்றாம் வகுப்பிலிருக்கும் பிள்ளை நாளை அதே பத்திரத்தின் முன் அமரப்போகிறது. ஆதலின் ஆரம்பப் பள்ளியின் வாசிப்பு நமது சங்கங்களின் காரியமும் ஆகும்.

இக்கருத்து புதிதன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளில் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் விற்று வந்த அவர்கள், பின்னர் அக்கடையின் மாடியிலேயே படிப்பறையும் நூலகமும் அமைத்தனர். 1854 முதல் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர்.

படித்த இளைஞர்கள் தொண்டுள்ளத்தோடு எழுத்தறிவிக்க முன்வருவதும் நமக்குப் பழக்கமானதே. 1990-களின் அறிவொளி இயக்கத்தில் இளைஞர்களும் இளம்பெண்களும் முதியோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். அன்று நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என வழங்கிய நமது மாவட்டமும் அதில் பங்கு கொண்டது. அண்மைக் காலத்தில் பிள்ளைகளுக்காகவே ஒரு முயற்சி நடைபெற்றது. கொரோனா நோயின் பொருட்டு 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, அக்டோபர் 27-ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தொண்டர் ஒருவர், பெரும்பாலும் பெண், ஏறத்தாழ 20 பிள்ளைகளை மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் கூட்டி வைத்துச் சொல்லித் தருவது அதன் முறை. ஆரம்ப வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரே போதும். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். மாநிலமெங்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தொண்டர்கள் சேர்ந்தனர்.

பலன் என்னவென்று கேட்போருக்கு விடையுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பொருளாதார அறிஞர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கூறுகிறது. ஆயினும் மகிழ்ந்திருக்க இடமில்லை. அதே ஆண்டின் ‘ஆசர்’ கணக்கெடுப்பில், நம் மாநிலக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை.

தொண்டர் கிடைத்தால் எல்லாம் கைகூடும் என்று எண்ணுவோர் உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தின் அனுபவத்தை அறிதல் நலம். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் சிறிது பயிற்சியளித்த ஊர் இளைஞர்கள், பள்ளி நேரத்திற்குப் புறம்பே வாசிப்பு முகாம்கள் நடத்தினர். எழுத்தே அறியாமல் வந்த பிள்ளைகள் எழுத்தறிந்து சென்றனர். ஆனால் வந்தவரோ, ஊரின் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே! முறை நன்று, தொண்டரும் நல்லவர், பாய்தான் காலியாகக் கிடந்தது.

நமது ஆற்றங்கரை ஊர்களிலும் இடர்ப்பாடு இங்கேதான் எழும் என்பது எமது துணிபு. தறி ஓடும் வீட்டில் மாலை நேரம் தார் சுற்றும் நேரம். பீடி சுற்றும் தாய்க்கு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை தேவை. பிசான நடவின்போது இருட்டியே வீடு திரும்பும் தாய்மார், அதுவரை அடுப்படியையும் அப்பிள்ளையிடமே ஒப்படைத்திருப்பர். இவ்வீடுகளின் நேரத்தை அறிந்தவர்கள் கல்லூரியார் அல்லர். சங்கத்தின் நிர்வாகக் குழுவினரே.

பாய் நிறைந்த பின்னர் செய்ய வேண்டிய வேலையும் எளிதன்று. 247 எழுத்துகளையும் ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளை ‘கொக்கு’ என்னும் சொல்லில் நின்றுவிடும். காதில் பின்னே ஒலிக்கும் உயிர், கண்ணுக்கு முன்னே கொம்பாக நிற்கிறது. போதாததற்குக் காலொன்று பின்னால் வருகிறது. ஒரே ‘க’ கடலில் ஒருவிதமாகவும் தங்கத்தில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. வீட்டில் ‘இருக்கு’ என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தின் ‘இருக்கிறது’ அயலூர்ச் சொல். நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் தடுமாற்றத்தையும் செவிமடுத்தல் அரிது. மாணவத் தொண்டர் கொண்டுவருவது பெரும் புலமையன்று, பொறுமையுள்ள ஒரு செவி. விரலை வரியின் கீழ் வைத்துப் பிள்ளை வாசிக்க, அருகிலிருந்து கேட்பவர் ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிடாமல் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். (இது நம் பெரியவர்களுக்கும் கடினமான பயிற்சியே.)

அச்செவிகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பாளையங்கோட்டை, பேட்டை, அம்பாசமுத்திரம், பாபநாசம் ஆகிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன. 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உள்ளது. 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்படி, சேரும் மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். வாரத்துக்கு மூன்று மணி வீதம் அது 40 வாரங்களுக்கு வரும். பேரணிக்கும் மரக்கன்று நடுதலுக்கும் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் தனிச் செலவு ஏதும் ஏற்படாது. நட்ட கன்றுக்கு மறுநாள் யார் நீர் விட்டார் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

பேருந்து ஏறி வந்து, இருட்டிய பின் திரும்ப வேண்டிய மாணவிகளை அழைப்பது முறையன்று. அதற்கு அவசியமுமில்லை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி முதலிய ஊர்களிலிருந்து நெல்லைக்குப் படிக்கச் சென்று, மாலை செங்கோட்டை ரயிலிலும் பேருந்திலும் வீடு திரும்பும் மாணவ மாணவியர் உளர். அவர்கள் நம் அங்கத்தினரின் மக்களே. காரியதரிசி முதலில் செய்யத்தக்கது இவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தல். அடுத்து, மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடத்தில் ஓர் அறையும் விளக்கும் பாயும் ஒதுக்குதல். அப்பட்டியலைக் கொண்டு கல்லூரித் திட்ட அலுவலரிடம் பேசினால், அந்த மணிகளைத் தொண்டுக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். பள்ளித் தலைமையாசிரியரைக் கலந்துகொள்ளாமல் தொடங்கலாகாது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நவம்பரில் பருவத்தேர்வும் பிசான நடவும் மழையும் ஒருங்கே வருகின்றன; அம்மாதம் தொடங்கினால் பத்து நாளில் வகுப்பு கலைந்துவிடும். பொங்கல் கழிந்து மார்ச் முடிய ஏறத்தாழ பத்து வாரம் கிடைக்கிறது. ஏப்ரல் தேர்வுக்கு மாணவர் விலகும்போது வகுப்பு நின்றுவிடாதிருக்க, ஊரிலேயே தங்கியிருக்கும் படித்த பெண் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே உடன் அமர்த்துதல் வேண்டும். இந்தப் பொருளை டிசம்பர் மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால், தை பிறந்ததும் முதல் வகுப்பை நடத்த அவகாசம் உண்டு.