விரிப்பு வலைச் சிலந்தி: எரிகோனியை இனங்காண்பது எப்படி?

சிலந்தி வலை என்றதும் வண்டிச் சக்கரம் போன்ற வட்ட வலைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாய் விரித்தாற்போலக் கிடைமட்டமாக வலை பின்னும் சிலந்திகளும் உண்டு. இவை லினிஃபியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 4,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பத்தில், எரிகோனி என்னும் பேரினத்தைப் பற்றி இங்கே காண்போம்.

எங்கே வாழ்கிறது?

ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் கோதுமை வயல்களிலும் எரிகோனி ஏராளமாக உள்ளது. தரையை ஒட்டிச் சில சென்டிமீட்டர் அகலத்தில் வலை கட்டி, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும். பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினியும் அதற்கு இரையாகும். இத்தகைய குட்டிச் சிலந்திகளை இங்கிலாந்தில் ‘பணச் சிலந்தி’ என்பர். மேலே விழுந்தால் பணம் வரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. பணம் வருகிறதோ இல்லையோ, உழவருக்கு அதனால் நன்மை உண்டு.

அடையாளங்கள்

உடல் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை. பளபளக்கும் கருமை நிறம். மஞ்சள் கலந்த பழுப்புக் கால்கள். இவற்றை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள். இதே தோற்றமுள்ள உறவினங்கள் பல உள்ளன. ஆகவே நுண்ணோக்கியின் கீழ் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. வாயின் இருபுறமும் குட்டிக் கால்கள் போல நீண்டிருப்பவை உணர்கைகள். அவற்றின் நுனி குமிழ்போலப் பருத்திருந்தால் அது முதிர்ந்த ஆண்.

2. ஆண் எரிகோனியின் தலைமார்பு ஓட்டின் விளிம்பில் பெரும்பாலும் ரம்பப் பற்கள் போன்ற நுண்ணிய பற்கள் இருக்கும்.

3. உணர்கையின் தொடைப் பகுதியிலும் பற்கள் இருக்கும். முழங்கால் போன்ற பகுதியின் முனையில் நீண்ட முள் ஒன்று துருத்தி நிற்கும்.

உணர்கைக் குமிழே ஆண் விந்தைச் செலுத்தும் கருவி. சிற்றினத்திற்குச் சிற்றினம் அதன் அமைப்பு வேறுபடும். பெண்ணாயின், வயிற்றின் அடிப்புறத்திலுள்ள இனப்பெருக்கத் தகட்டைப் பார்க்க வேண்டும். இளம் சிலந்தியில் இவ்வுறுப்புகள் முழுமை பெறாததால் சிற்றினத்தை உறுதிசெய்வது கடினம். ஒரே வயலில் வாழும் எரிகோனி ஆட்ரா, எரிகோனி டென்டிபால்பிஸ் ஆகியவற்றின் பெண்களைப் பிரித்தறியத் தேர்ந்தவர்களும் திணறுவர்.

மின்சாரப் பயணம்

உழுது விதைத்த வயலுக்கு எரிகோனி வான்வழியே வந்து சேருகிறது. புல் நுனியில் ஏறி, வயிற்றை உயர்த்தி, இழையை விட்டு எழும்புகிறது. தூக்கிச் செல்வது காற்று மட்டும்தானா? 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக்கா மார்லி, டேனியல் ராபர்ட் இருவரும் காற்றசைவற்ற பெட்டியில் எரிகோனிகளை விட்டு மின்புலத்தைச் செலுத்தினர். அவை மேலெழுந்தன, மின்புலத்தை நிறுத்தியதும் கீழிறங்கின. தெளிந்த வானிலையிலும் நம்மைச் சுற்றி மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் மின்புலம் உள்ளது. புல்நுனி போன்ற கூரிய முனைகளில் அது மேலும் செறிவடையும். காற்றோடு இந்த விசையும் சிலந்திக்குத் துணை நிற்கிறது.

பெயர் எதற்கு?

பூச்சிமருந்து தெளித்த வயலில் எந்தச் சிலந்தி மடிந்தது, எது மீண்டும் வந்தது என்று கணக்கிட வேண்டுமானால் முதலில் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். பெயர் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். உழவருக்குக் கூறும் அறிவுரையும் பிழைபடும்.

உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள சிலந்தியைக் கை லென்சால் பாருங்கள். உணர்கை நுனி பருத்திருக்கிறதா? ஆணா பெண்ணா என்று கேட்பதே இனங்காணலின் முதற்படி.