பாட்டோடு பெயரும் பயணிக்கட்டும்

கணினியில் சேர்த்து வைத்த பாடல்களைக் கையடக்க இசைப்பானுக்கு மாற்றுவது எளிய பணியே. கம்பியால் இணைத்துக் கோப்புகளைப் படியெடுத்தால் ஒலி சிதையாமல் சென்று சேர்ந்துவிடும். ஆனால், தமிழ்த் தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்களோ கேள்விக்குறிகளோ தோன்றுவதுண்டு. பாட்டு வந்துவிட்டது, அதன் பெயர் வரவில்லை.

ஒரு பாடலுக்கு இரு பெயர்கள் உள்ளன. ஒன்று, கோப்பின் பெயர். மற்றொன்று, எம்பி3 கோப்பினுள் பொதிந்திருக்கும் ஐடி3 என்னும் குறிப்புச்சீட்டில் உள்ள தலைப்பு. இசைப்பான்கள் பெரும்பாலும் இரண்டாவதையே காட்டுகின்றன. ஆகவே, கோப்பின் பெயரை மட்டும் திருத்துவதால் பயன் விளையாது.

1996இல் உருவான ஐடி3இன் முதல் வடிவம் மொத்தமே 128 பைட்டுகள் கொண்டது. அதில் தலைப்புக்கு 30 பைட்டுகள். ஆங்கிலத்தில் அது 30 எழுத்துகளுக்குப் போதும். தமிழின் நிலை வேறு. ‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் அவை 11 குறியீடுகளாகின்றன. யுடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வீதம் 33 பைட்டுகள் வேண்டும். நாட்டின் பெயரே அங்கு அடங்காது! பின்னர் வந்த இரண்டாம் வடிவம் இத்தடையை நீக்கி, ஒருங்குறிக்கும் இடமளித்தது.

திரையில் வெற்றுக் கட்டம் தோன்றினால், பெரும்பாலும் தலைப்பு பத்திரமாகவே இருக்கும். கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். கேள்விக்குறி தோன்றினால், தமிழுக்கு இடமில்லாத குறியீட்டு முறைக்கு மாற்றியபோது எழுத்துகள் அழிந்திருக்கக்கூடும். கணினியில் அதே பாடலைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

எனவே, தலைப்பை ஐடி3 பதிப்பு 2.3இல், யுடிஎஃப்-16 முறையில் பதிந்து, முதலில் ஒரு பாடலை மட்டும் மாற்றிச் சோதிப்பது நன்று. கருவி தமிழ் அறியாததாயின், அதற்குச் செல்லும் படியில் மட்டும் ரோமன் எழுத்தில் தலைப்பிடலாம். மூலக் கோப்பில் தமிழே நிலைக்கவேண்டும். பலம், பழம், பாலம் ஆகிய மூன்றையும் ரோமன் எழுத்தில் பலர் ஒரே விதமாகவே எழுதுகின்றனர். அவ்வாறு மறைந்த வேறுபாட்டை நாளை நம் பேரப்பிள்ளைகளால் மீட்க இயலாது.

தமிழ் எழுத்துக் குறியீட்டை ஒன்றுபடுத்துவது குறித்து, 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலேயே பேசப்பட்டது. அம்முயற்சியின் பயனை இல்லந்தோறும் கொண்டு சேர்ப்பவை இத்தகைய சிறு பணிகளே.