எலியின் கல்லீரலும் ஈயத்தின் நஞ்சும்

ஈய அசிடேட் என்ற உப்பு இனிக்கும். ரோமானியர்கள் ஈயப் பாத்திரத்தில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கியபோது, அந்த இனிப்போடு நஞ்சும் சேர்ந்தே இறங்கியது. அதே உப்பைத்தான் இன்று ஆய்வுக்கூடங்களில் எலிகளின் குடிநீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். சில வாரங்களில் எலிக்கு இரத்தசோகை வரும். கல்லீரலும் சிறுநீரகமும் நலியும். ஆண் எலியின் விந்தணுக்கள் குறையும். கூடவே வைட்டமின் சி, வைட்டமின் இ கொடுக்கப்பட்ட எலிகளில் சேதம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஓர் உலோகத்தின் நஞ்சை வைட்டமின் எப்படித் தணிக்கிறது?

ஈயத்துக்குக் கந்தகத்தின் மீது பெரும் ஈர்ப்பு. நம் நொதிகள் பலவற்றில் வேலை நடக்கும் இடமே கந்தகம் உள்ள இடம்தான். ஹீமோகுளோபினுக்கு வேண்டிய ஹீம் என்ற பொருளைக் கட்டும் நொதி வரிசையில் ஒன்றில், துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். வேலை அங்கேயே தடைபடும். இரத்தசோகை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேடு அதோடு முடிவதில்லை. ஹீமாக மாறியிருக்க வேண்டிய அமினோலெவுலினிக் அமிலம் தேங்கி, ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, கண்டதோடு வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுகளைக் கிளப்புகிறது. அவற்றின் தொல்லையைக் குறைக்க உதவும் கேட்டலேஸ் நொதி வேலை செய்யவும் ஹீம்தான் வேண்டும். செல்லைக் காக்கும் குளுட்டாதயோனிலும் கந்தகம் இருப்பதால் அதையும் ஈயம் பிடித்துக்கொள்கிறது. தாக்குபவை பெருகும் நேரத்தில் காவலும் குறைகிறது.

அடி விழுவது செல்லின் சவ்வில். அங்குள்ள கொழுப்பு மூலக்கூறு ஒன்று ஃப்ரீ ராடிக்கலிடம் ஹைட்ரஜனை இழந்தால், அது பக்கத்து மூலக்கூறிடம் பறிக்கும், அது அடுத்ததிடம். ஓலைக் குடிசை வரிசையில் தீ தாவுவது போலத்தான். கொழுப்பில் கரையும் வைட்டமின் இ அந்தச் சவ்வுக்குள்ளேயே இருக்கிறது. தன் ஹைட்ரஜனைக் கொடுத்துத் தொடரை அறுத்துவிடுகிறது. கொடுத்தபின் அது செயலிழந்து நிற்கும்போது, நீரில் கரையும் வைட்டமின் சி வெளிப்பக்கத்திலிருந்து அதை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இப்படி ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இந்த இரண்டும் ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் அல்ல. அவை அணைப்பது ஈயம் மூட்டிய தீயைத்தான். ஈயம் பெரும்பாலும் எலும்பில் போய்ப் படிந்துகொண்டே இருக்கும். மனித எலும்பில் அது பல பத்தாண்டுகள் தங்கும். உடலிலிருந்து ஈயத்தை வெளியே இழுக்க, அதைக் கவ்விச் சிறுநீரோடு வெளியேறும் டிஎம்எஸ்ஏ போன்ற மருந்துகள் வேண்டும். குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் இத்தகைய மருந்துகளையும் வைட்டமின் சி, இ போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகளையும் சேர்த்துக் கொடுத்து விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை சரியான பாதை இதுதான்: ஒன்று உலோகத்தை அகற்றட்டும், மற்றது சேதத்தைக் குறைக்கட்டும்.

எலி ஆய்வைப் படிக்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எலி தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். பசுவும் ஆடும் அப்படித்தான். நமக்கும் குரங்குகள் பலவற்றுக்கும் கினிப்பன்றிக்கும் அதைத் தயாரிக்கும் வரிசையின் கடைசி நொதிக்கான மரபணு கெட்டுப்போய்விட்டது. கினிப்பன்றிகளுக்கு உணவுக் குறையால் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் வரும் என்று நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் 1907இல் காட்டியதும் இதனால்தான் முடிந்தது. தானே தயாரிக்கும் எலிக்கு மேலும் கொடுத்துப் பெற்ற பலனை, உணவை மட்டுமே நம்பியிருக்கும் மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாது. எலிக்குக் கொடுத்த அளவைப் பார்த்து மாத்திரையை அள்ளி விழுங்குவது பிழை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, கைவிடப்பட்ட வாகன பேட்டரி. உடைந்த பேட்டரியை அவை நக்கும், துண்டுகளை மென்று விழுங்கவும் செய்யும். கன்றுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கால்நடை மருத்துவர்கள் கால்சியம் இடிடிஏ மருந்தும், கூடவே தயாமின் என்ற வைட்டமின் பி1-உம் கொடுக்கிறார்கள். கண்தெரியாமல் முட்டிக்கொண்டோ, பல்லைக் கடித்துக்கொண்டோ மாடு நின்றால், எந்த வைட்டமினும் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். பழைய பேட்டரியைத் தொழுவத்திலோ மேய்ச்சல் நிலத்திலோ ஒருநாளும் போடாதீர்கள்.